மைக் இல்லாத சாட்சி

ஏப்ரல் 15, புதன்

கோயில் செயலாளர் ஞானசிகாமணி வாத்தியார் இன்று காலையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். இந்த மனுஷன் சும்மா வருகிற ஆள் இல்லை. நான் முற்றத்தில் ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிப் போட்டு, உள்ளே கூடு கட்டியிருந்த குளவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரி பொன்மலர் காப்பி கொடுத்தாள். வெயிலைப் பற்றிப் பேசி, தண்ணீர்க் கஷ்டத்தைப் பற்றிப் பேசி, கடைசியில் சங்கதிக்கு வந்தார்.

"தனசிங், மே பதினஞ்சு, பதினாறு, பதினேழு, மூணு நாளும் கோயில் வளாகத்துல நற்செய்திக் கூட்டம். மைக் செட்டு நீதான். கடைசி நாள் மத்தியானம் ஊருக்கெல்லாம் அசனச் சாப்பாடு."

"கட்டிருவோம் வாத்தியாரே."

"கடைசி நாள் ஒரு சாட்சி இருக்கு." காப்பி டம்ளருக்குள்ளே பார்த்துக்கொண்டே சொன்னார். "லிவிங்ஸ்டன் சொல்லுதான்."

லிவிங்ஸ்டன் அடுத்த தெருக்காரன். எனக்குத் தூரத்துத் தம்பி முறை. மூன்று வருஷத்துக்கு முன்னால் பட்டப்பகலில் குடித்துவிட்டுச் செங்கல் லாரி ஓட்டி, டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த என் மகள் பெனிட்டாவைக் கொன்றவன். ஜெயிலுக்குப் போனான். ஜெயிலுக்குள்ளே ஆண்டவர் அவனைச் சந்தித்தாராம். எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்க நேரமில்லாத ஆண்டவருக்கு ஜெயிலுக்குப் போக நேரம் இருந்திருக்கிறது.

இப்போது அவன் 'சகோதரர் லிவிங்ஸ்டன்'. ஊர் ஊராகப் போய்ச் சாட்சி சொல்கிறான். என்ன பெரிய சாட்சி? என் பிள்ளை செத்த கதைதான். அவள் செத்தாள், அவன் பிழைத்தான், அல்லேலூயா. ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கை தட்டுகிறார்களாம்.

குளவிக் கூட்டைச் சுரண்டி எடுத்தேன்.

ஏப்ரல் 16, வியாழன்

வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வாத்தியாருக்குப் போன் செய்துவிட்டேன்.

ஏப்ரல் 18, சனி

உடன்குடியிலிருந்து ஒருத்தன் மைக் கட்ட வருகிறானாம். டீக்கடையில் சொன்னார்கள். எங்கள் தேரிவிளைக் கோயிலுக்குப் பதினெட்டு வருஷமாக நான் மைக் கட்டுகிறேன். அந்த வளாகத்தில் எந்த வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டினால் எந்தத் தெருவுக்குக் கேட்கும் என்பது எனக்குத் தெரியும். வெளியூர்க்காரன் வந்து கட்டுவதாமே!

நேரே வாத்தியார் வீட்டுக்குப் போய் நானே கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். மனுஷன் முகம் மலர்ந்துபோயிற்று. "ஆண்டவர் ஒன் உள்ளத்துல பேசிட்டாரு" என்றார். ஆண்டவர் ஒன்றும் பேசவில்லை. பேசினது என் வயிற்றெரிச்சல்.

இங்கே எழுதிவைக்கிறேன், வேறு யாரிடமும் சொல்ல முடியாது. மைக் செட் என்னுடையது. மிக்ஸருக்கு முன்னால் உட்காருகிறவன் நான். அவன் பெனிட்டா பெயரை வாயில் எடுக்கிற நிமிஷம் குமிழைத் திருகிவிடுவேன். ஊர் முன்னாலே வாயை வாயைத் திறந்து மூடிக்கொண்டு நிற்கட்டும். என் பிள்ளை பெயரை என் ஸ்பீக்கரில் அவன் சொல்லக்கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

ஏப்ரல் 23, வியாழன்

ஒரு சாவு வீட்டுக்கும் ஒரு காது குத்துக்கும் ஒரே நாளில் கட்டினேன். ஓடி ஓடி இடுப்பு போய்விட்டது. திரும்பி வரும்போது வழியில் நிறுத்தி இடுப்பு வலிக்கு மருந்து சாப்பிட்டேன்.

லோடு ஆட்டோவை உள்ளே விடும்போது வாசல் கேட் தூணில் உரசிவிட்டது. அந்தத் தூணைக் கட்டின கொத்தன் ஒரு மடையன், அரை அடி தள்ளிக் கட்டியிருக்கவேண்டும். பொன்மலர் மாடியில் கூழ்வத்தல் எடுத்துக்கொண்டிருந்தவள் சத்தம் கேட்டு இறங்கி வந்தாள். தூணைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். என் பக்கத்தில் வந்து நின்று மூச்சை இழுத்தாள்.

"ஏலக்காய் வாசம் வருது" என்றாள்.

"ஏலக்காய் தின்னா தப்பா?"

அவள் திரும்ப மாடிக்கு ஏறிப் போய்விட்டாள். இப்போதெல்லாம் இவளுக்குப் பேச்சே குறைந்துவிட்டது.

ஏப்ரல் 26, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் குருவானவர் என்னைத் தனியே கூப்பிட்டார். சின்ன வயசு, நல்ல மனுஷன்தான். ஆனால் துக்கம் என்றால் என்ன என்று புத்தகத்தில் படித்தவர்.

"தனசிங் அண்ணன், அன்னைக்கு அவர் சாட்சி சொல்லி முடிச்சதும் நீங்களும் அக்காவும் மேடைக்கு வந்து சும்மா பக்கத்துல நின்னாப் போதும். ஒண்ணும் பேசவேண்டாம். எத்தனையோ பேருக்கு ஆசீர்வாதமா இருக்கும்."

"ஐயா, ஒங்க பிள்ளைக்கு என்ன வயசு?"

"ரெண்டு முடிஞ்சிட்டு."

"சரி. வளரட்டும். பெறகு பேசுவோம்."

அவர் முகம் கறுத்துப்போயிற்று. அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. ஆனால் சொன்னதும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, பொய் எதற்கு.

வீட்டுக்கு வரும் வழியில் பொன்மலர் சொன்னாள்: "நான் மேடைக்குப் போறேன்."

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். "கிறுக்குப் பிடிச்சிட்டா?"

"ஜெயில்ல இருக்கும்போதே நான் அவனுக்குச் சொல்லியனுப்பிட்டேன். மன்னிச்சாச்சின்னு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க எப்பம் வீட்ல இருந்திய, சொல்லதுக்கு?"

நான் எப்போதும் வீட்டில்தான் இருக்கிறேன். வேலைக்குப் போகிற நேரம் தவிர.

மன்னித்தாளாம். பெற்ற வயிறு எப்படித்தான் மன்னித்ததோ தெரியவில்லை. நான் கோயிலில் திருவிருந்து அப்பம் வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. மனசில் பகையை வைத்துக்கொண்டு அந்தப் பந்திக்குப் போகக்கூடாது என்பது எனக்குத் தெரியும். எனக்காவது அந்த நேர்மை இருக்கிறது.

மே 1, வெள்ளி

அவன் வந்தான்.

மத்தியானம், வெயில் மண்டையைப் பிளக்கிறது. கேட்டுக்கு வெளியே நின்றான். உள்ளே வரவில்லை. முன்னெல்லாம் எருமை மாதிரி இருப்பான். இப்போது சட்டை தோளில் தொங்குகிறது. பத்து மைல் சுற்றுவட்டாரத்தில் எந்த ஊருக்கும் பஸ்ஸில் போகிறான், பஸ் இல்லாவிட்டால் நடக்கிறான். வண்டியைத் தொடுவதில்லை என்று பொருத்தனை செய்திருக்கிறானாம்.

"அண்ணாச்சி, கமிட்டில என்னைப் பேசச் சொல்லுதாவ. நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் வரல. மறுபேச்சே கெடையாது."

ஒரு வார்த்தை. 'வேண்டாம்' என்று சொன்னால் முடிந்தது. வாய்வரை வந்தது. ஆனால் சொல்லவில்லை. சொன்னால் அவன் தாழ்மையாகத் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவான், அதையும் ஒரு சாட்சியாக்கிவிடுவான். எனக்கு அது போதாது. அவன் வரவேண்டும். குமிழ் என் கையில் இருக்கவேண்டும்.

நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவன் நின்றுகொண்டே இருந்தான். பொன்மலர் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். எங்கள் வீட்டுச் செம்பு. குடித்தான்.

சாயங்காலம் மருந்து கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்பட்டது.

மே 6, புதன்

சாத்தான்குளத்தில் கல்யாண வீட்டு வேலை. திரும்பி வரும்போது பள்ளிக்கூடத்தில் லீவு ஸ்பெஷல் கிளாஸ் விடுகிற நேரம். வளைவில் ஒரு பிள்ளை சைக்கிளோடு ஓடைக்குள் இறங்கிவிட்டது. நான் சரியாகத்தான் வந்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் ரோட்டைப் பார்த்தா ஓட்டுகிறார்கள்? அது தானாக எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டது. ஒன்றும் அடி இல்லை. இறங்கிப் பார்க்கவேண்டும் என்றுதான் நினைத்தேன். கால் இறங்கவில்லை.

பச்சை யூனிபாரம். ரெட்டைச் சடை. என்னைத் திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்கு வந்து வண்டியைக் கழுவினேன். கழுவத் தேவையே இல்லை.

மே 7, வியாழன்

வண்டிச் சாவியைக் காணவில்லை.

மே 8, வெள்ளி

சாவியைப் பொன்மலர்தான் எடுத்து அரிசிப் பானைக்குள் போட்டுவைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்டேன்.

"நேத்து கடைக்குப் போயிருந்தேன். ஓடையில விழுந்த பிள்ளைக்கு அம்மா அங்க நின்னா. ஏதோ மைக் செட்டு வண்டின்னு சொன்னா. எந்த மைக் செட்டுன்னு அவளுக்குத் தெரியல. எனக்குத் தெரியும்."

"அது தானா விழுந்துச்சி."

"லிவிங்ஸ்டனும் கோர்ட்ல அதத்தான் சொன்னான். மொத நாள்."

கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆண்டவர் அறிய அடிக்கவில்லை. அவள் நகரக்கூட இல்லை. அடித்தால் அடி என்கிற மாதிரி நின்றாள். சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவனையும் என்னையும் ஒரே தராசில் போட்டு நிறுக்கிறாளே, இதை நான் யாரிடம் போய்ச் சொல்லி அழ?

மே 14, வியாழன்

பந்தல் போட்டாகிவிட்டது. கிழக்கு வேம்பில் ரெண்டு குழாய், மேற்கே ரெண்டு. மேடைக்கு ரெண்டு பாக்ஸ். கரண்ட் போனால் ஜெனரேட்டர். மிக்ஸரை மேடைக்கு இடப்பக்கம் வைத்துக்கொண்டேன். அங்கிருந்து பேசுகிறவன் முகம் நன்றாகத் தெரியும்.

அசனத்துக்கு ஆட்டுக் கிடாய் பதினோரு உருப்படி வந்து நிற்கிறது. சின்னப் பிள்ளைகள் அதற்கு வேப்பங்குழை ஒடித்துப் போடுகிறார்கள். நாளை மறுநாள் ராத்திரி வரைதான் அதற்கும் சந்தோஷம்.

மே 16, சனி

ரெண்டு நாள் கூட்டம் முடிந்தது. சத்தம் அருமையாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நாலுமாவடிப் பக்கத்திலிருந்து வந்த பிரசங்கியார் என் கையைப் பிடித்து ஜெபம் பண்ணினார். எவ்வளவு பெரிய பாவியானாலும் கிருபை அவனைத் தள்ளாது என்றார். பாவியைத் தள்ளாது, சரி. பாவி யாரை மோதித் தள்ளினானோ, அந்தப் பிள்ளையின் தகப்பனுக்கு என்ன வைத்திருக்கிறது என்று கேட்க நினைத்தேன். அவருக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

நாளைக்கு.

மே 17, ஞாயிறு

எழுத முடியவில்லை.

மே 18, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அவன் பதினோரு மணிக்கு மேடை ஏறினான். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போடாதது. பொன்மலர் முன்வரிசையில் இருந்தாள். என் விரல் குமிழின் மேல் இருந்தது.

"நான் ஒரு பிள்ளையக் கொன்னவன்" என்று ஆரம்பித்தான். "மத்த ஊர்ல எல்லாம் அந்தப் பிள்ளை பேரைச் சொல்லுவேன். இந்த ஊர்ல சொல்லமாட்டேன். அது பெத்தவுக சொல்லவேண்டிய பேரு. எனக்கு அந்த யோக்கியதை கெடையாது."

நான் எதற்காக ஒரு மாதம் காத்திருந்தேனோ அது நடக்கவில்லை. அவன் பெயரைச் சொல்லவில்லை. அப்போது எனக்கு வந்த கோபத்தை என்னவென்று எழுத? சொன்னால் கொல்லவேண்டும் என்று இருந்தது. சொல்லாமல் விட்டதும், ஏன், என் பிள்ளைக்குப் பெயர் இல்லையா என்று இருந்தது. திருகிவிட்டேன்.

ஸ்பீக்கர் எல்லாம் செத்துவிட்டது. அவன் ஒருமுறை மைக்கைத் தட்டினான். என் பக்கம் திரும்பினான். புரிந்துகொண்டான். என்னைக் காட்டிக்கொடுக்காமல் மைக்கை ஓரமாக வைத்துவிட்டு, மேடையின் விளிம்புக்கு வந்து, சும்மா பேச ஆரம்பித்தான். ஜனங்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். பிள்ளைகளை அதட்டி வாயை மூட வைத்தார்கள். பதினெட்டு வருஷத்தில் அந்தப் பந்தலில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"ஆண்டவர் மன்னிச்சாரு. நெசம்தான். ஆனா நீங்க நெனைக்க மாதிரி அது சந்தோசமா இல்ல. காலைல கண்ணு முழிச்சா எனக்கு மொதல்ல கேக்கது அந்தச் சைக்கிள் பெல்லுதான். மன்னிப்பு வாங்கிக்கிட எனக்குத் தகுதி இல்ல. தகுதி இல்லன்னு திருப்பிக் குடுக்கவும் முடியல. அதை வச்சிக்கிட்டுத்தான் நடக்கேன்."

யாரும் கை தட்டவில்லை. பொன்மலர் மேடைக்குப் போனாள். அவன் பக்கத்தில் நின்றாள். அங்கிருந்து என்னைப் பார்த்தாள். கூப்பிடுகிற பார்வை இல்லை அது. நான் வரமாட்டேன் என்று தெரிந்து பார்த்த பார்வை.

நான் ஒயரைப் பிடுங்க ஆரம்பித்தேன்.

அசனம் நடந்தது. நான் சாப்பிடவில்லை. ஜெனரேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து மருந்து சாப்பிட்டேன். பிறகு சாமானை எல்லாம் ஏற்றினேன். வளாகம் முழுக்க ஜனம். பிள்ளைகள் இலையும் கையுமாக ஓடுகின்றன. நான் வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்ததும் அவன் வந்து முன்னால் நின்றான்.

"அண்ணாச்சி, எறங்குங்க."

"விலகுலே."

"குடிச்சிருக்கிய. முன்னால பிள்ளைக பந்தில இருக்கு. எறங்குங்க, நான் தள்ளிக்கிட்டே வந்து வீட்ல விடுதேன். வண்டிய எடுக்காதிய."

"நீ எனக்குச் சொல்லுதியா? நீ?"

"நான்தான் சொல்லணும் அண்ணாச்சி. எனக்குத்தான தெரியும்."

பம்பரில் ரெண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றான். நகரவில்லை. கிளட்ச் விட்டுவிட்டது. வண்டி பாய்ந்து அவனைப் பந்தல் காலோடு சேர்த்து நெருக்கிவிட்டு நின்றது. அவனுக்குப் பின்னால் பந்திப்பாய். பாயில் வரிசையாகச் சின்னப் பிள்ளைகள் சோற்றில் கை வைத்தபடி இருந்தன.

அவன் அலறவில்லை. "பிள்ளைக… பிள்ளைக…" என்றுதான் சொன்னான்.

மே 19, செவ்வாய்

மிஷன் ஆஸ்பத்திரியில் அவனுக்குத் தொடை எலும்பு ரெண்டு இடத்தில் முறிவு என்று சொல்லிவிட்டார்கள். இடுப்பு எலும்பிலும் கீறல். பழையபடி நடப்பானா என்பது சந்தேகமாம்.

இன்ஸ்பெக்டர் என்னையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நிறுத்தி விசாரித்தார். அவன் முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது.

"ஒனக்கு இவர் மேல புகார் உண்டா?"

"இல்ல ஐயா."

"வேணும்னே ஏத்தினாரா?"

"எனக்குப் புகார் இல்ல ஐயா."

"குடிச்சிருந்தாரா?"

அவன் கொஞ்ச நேரம் மேலே ஃபேனைப் பார்த்தான். "நான் பொய் சொல்லமாட்டேன் ஐயா. அவர்ட்டயே கேளுங்க. அவரு சொல்லுவாரு."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார்.

"இல்ல ஐயா" என்றேன். "கிளட்ச் விட்டுட்டு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவன் பார்வையில் எனக்கு வெட்கம் வரக்கூடாது என்று மூடிக்கொண்டான். அது எனக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் தாங்க முடியவில்லை.

அன்றைக்குப் பந்தலில் இருந்தவர்களில் ஒருத்தன்கூட எதிர்ச்சாட்சி சொல்லவில்லை. ஏற்கெனவே பிள்ளையைப் பறிகொடுத்தவன் என்று விட்டுவிட்டார்கள். பெனிட்டா பெயரை வைத்து நான் தப்பித்துக்கொண்டேன். அவன் அவள் பெயரைச் சொல்லக்கூடாது என்று நின்ற நான்!

மே 21, வியாழன்

பொன்மலர் தினமும் அவனுக்குக் கஞ்சி கொண்டுபோகிறாள். அவனுக்கு யாரும் இல்லை. பெண்டாட்டி ஜெயில் காலத்திலேயே தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

இன்று பொன்மலர் தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்க்கும்போது பக்கத்தில் போய் நின்றேன். மூன்று வருஷத்தில் முதன்முறையாக அவளிடம் மனசு விட்டுப் பேச வாயைத் திறந்தேன்.

"மலரு, என்னையும் மன்னிச்சிரு."

அவள் திரும்பவில்லை. கையைத் துடைத்தாள்.

"அவனை மன்னிக்கதுக்கே என்கிட்ட இருந்தது எல்லாம் தீந்துபோச்சி. ராப்பகலா முட்டி போட்டு, ஆண்டவர்கிட்ட வாங்கி வாங்கிக் குடுத்தேன். ஒங்களுக்குக் குடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல. வேணும்னா நீங்களே போய்க் கேட்டு வாங்கிக்கிடுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

மே 24, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. ரெண்டாம் மணி அடிக்கும்போது தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு கிடந்தேன்.

மே 27, புதன்

கிளட்ச் விடவில்லை. கிளட்சில் ஒரு கோளாறும் கிடையாது. மருந்து என்று இந்த டைரி நெடுக எழுதியிருப்பது பிராந்தி. நான் குடித்திருந்தேன். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் கிளட்சிலிருந்து காலை எடுத்தேன்.

இதை எழுதினால் பாரம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்ல இன்று காலை கிளம்பினேன். பஸ் ஸ்டாப் வரை போனேன். ரெண்டு பஸ்ஸை விட்டேன். திரும்பி வந்துவிட்டேன். சாயங்காலம் மறுபடி குடித்தேன். எனக்கு என்னைப் பற்றி இனி எந்த நம்பிக்கையும் இல்லை.

பெனிட்டா இருந்திருந்தால் இந்தத் தகப்பனைப் பார்த்து என்ன நினைப்பாள் என்று யோசித்தேன். அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

மே 30, சனி

இன்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். பஸ்ஸில்தான் போனேன். பொன்மலர் கஞ்சிவாளியோடு முன் சீட்டில் இருந்தாள், நான் பின்னால். அவள் கூப்பிடவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.

அவன் காலில் கம்பி போட்டு எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துவிட்டான்.

"அண்ணாச்சி, இருங்க" என்றான். ஸ்டூலைக் காட்டினான்.

நான் உட்காரவில்லை. என்ன பேச? சொல்வதற்கு நான் ஒன்றையும் யோசித்துக்கொண்டு போகவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் ஆரஞ்சு உரித்துக்கொண்டே என்னை யார் என்று கேட்டார். "எங்க அண்ணாச்சி" என்று அவனே சொன்னான். நான் செய்தது அவருக்குத் தெரிந்திருக்காது. அவன் சொல்லியிருக்கமாட்டான்.

பொன்மலர் கஞ்சியை ஊற்றிக் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, "வாரேன்" என்றேன்.

"அண்ணாச்சி, ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க."

எங்கள் ஊர் வழக்கம் அது. நோயாளியைப் பார்க்க வந்தவர்களில் மூத்தவர் ஜெபம் பண்ணாமல் அந்த இடத்தை விட்டுக் கிளம்பக்கூடாது. நானே எத்தனை கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பண்ணியிருக்கிறேன். பெனிட்டாவைப் புதைத்த நாளோடு நிறுத்தினது.

பொன்மலர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரர் ஆரஞ்சைக் கீழே வைத்தார். அவன் கண்ணை மூடிக் கை கூப்பிவிட்டான். எல்லாரும் காத்திருக்கிறார்கள்.

நானும் கண்ணை மூடினேன். வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. மன்னியும் என்று சொல்ல வேண்டும், யாரை, எதற்கு, எங்கிருந்து ஆரம்பிக்க? 'ஆண்டவரே' என்று கூப்பிடக்கூட நாக்குப் புரளவில்லை. கடைசியில் வாயை வாயைத் திறந்து மூடினது நான்தான். நேரம் போய்க்கொண்டே இருந்தது. நர்ஸின் செருப்புச் சத்தம் வந்து, நின்று, போயிற்று. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கையின் மேல் அவன் கை வந்து உட்கார்ந்தது. சூடாக இருந்தது, காய்ச்சல் போல.

நான் ஒன்றுமே சொல்லவில்லை.

"ஆமென்" என்றான் அவன்.

கொஞ்சம் கழித்துப் பொன்மலரும் சொன்னாள்.